இலகுவான டெஸ்க்டாப் சூழலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, அதற்கேற்ற இலகுவான டெஸ்க்டாப் சூழலை (திரையில் தெரியும் பலகம், சாளரங்கள், மெனுக்கள் ஆகியவற்றின் தொகுப்பை) தேர்ந்தெடுக்க முனைபவர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது, சேமிப்பகம் வன்வட்டா எஸ்எஸ்டியா என்பவற்றைத்தான். 8 ஜிபி நினைவகம் இருந்தும் கணினி மந்தமாக இயங்கினால், சுழலும் வன்வட்டே பெரும்பாலும் காரணம். அங்கே டெஸ்க்டாப்பை மாற்றுவதைவிட எஸ்எஸ்டி பொருத்துவதே பலன் தரும். 2 ஜிபியோ அதற்கும் குறைவோ என்றால் தேர்வில் கறாராக இருந்தாக வேண்டும். இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே டெஸ்க்டாப் எடுத்துக்கொள்வதைவிட அதிக நினைவகம் செலவாகிவிடக்கூடும் என்பதால், மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பகுதியும் உலாவிக்குத்தான் போகும்.

4 ஜிபி உள்ள கணினிக்கு என் முதல் பரிந்துரை எக்ஸ்எஃப்சிஇ. 1996இல் தொடங்கி இன்றுவரை நிதானமாக வளர்ந்துவரும் இச்சூழலில் கோப்பு மேலாளர், பலகம், மின்சக்தி மேலாண்மை, பல திரை அமைப்பு எல்லாம் கூடவே வருகின்றன. அமைப்புக் கோப்புகளைத் திருத்தாமலேயே அனைத்தையும் அமைத்துக்கொள்ளலாம். இன்னும் சற்று இலகுவாக வேண்டுமென்றால் எல்எக்ஸ்கியூடி இருக்கிறது. எல்எக்ஸ்டிஇ என்ற பழைய சூழலின் கியூடி (செயலிகளின் சாளரம், பொத்தான்களை வரையும் நிரல் நூலகம்) வடிவமும் ரேசர்-கியூடி சூழலும் இணைந்து உருவான இது, விஎல்சி போன்ற கியூடி செயலிகளை அதிகம் பயன்படுத்துவோருக்குப் பொருந்தும். கிம்ப் போன்ற, ஜிடிகே என்ற இன்னொரு நூலகத்தைப் பயன்படுத்தும் செயலிகளே பெரும்பாலும் திறந்திருக்கும் என்றால், அதே நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும் எக்ஸ்எஃப்சிஇ-யே சிக்கனம். பழைய க்னோம் 2 சூழல் கைக்குப் பழகியவர்களுக்கு அதன் வழிவந்த மாட்டே உண்டு. எல்எக்ஸ்டிஇ-யைப் புதிதாக நிறுவ வேண்டாம் என்பேன். அது பெரிதும் சார்ந்திருக்கும் ஜிடிகே 2இன் பராமரிப்பே நின்றுவிட்டது.

ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ் போன்ற தனிச் சாளர மேலாளர்கள் (சாளரங்களைத் திறந்து நகர்த்துவதை மட்டும் கவனிக்கும் மென்பொருள்கள்) இவற்றையெல்லாம்விட இலகுவானவை. ஆனால் வைஃபை சின்னம், ஒலியளவுக் கட்டுப்பாடு, திரைப்பூட்டு, தமிழ் உள்ளீட்டு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றையும் பெரும்பாலும் நீங்களே சேர்த்து, கணினி தொடங்கும்போது இயங்கும்படி எழுதிவைக்க வேண்டியிருக்கும். அந்த வேலையில் விருப்பமில்லாதவருக்கு, ஐஸ்டபிள்யூஎம்-ஐ முன்பே அமைத்துத் தரும் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் (நிறுவத் தயாரான தொகுப்பு) நல்ல வழி.

முடிவெடுக்கும் முன் யூஎஸ்பியிலிருந்து லைவ் முறையில் (கணினியில் நிறுவாமலேயே) இயக்கிப் பாருங்கள். வைஃபையும் வரைகலை அட்டையும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும். வேகத்தை மட்டும் அதைக்கொண்டு கணிக்காதீர்கள், யூஎஸ்பியின் வேகம் அவ்வளவுதான். இரண்டு சூழல்களை ஒப்பிட விரும்பினால், இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி, உள்நுழைவுத் திரையில் மாற்றிக்கொள்ளலாம். அமைப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் அன்றாடச் செயலிகளைத் திறந்துவைத்து, முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஃப்ரீ (free) கட்டளையை இயக்குங்கள். லினக்ஸ் சும்மா இருக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் இடைச்சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்வதால், வெறுமையாக உள்ள அளவைக் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் (available) உள்ளதே செயலிகளுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய அளவு.

தேர்ந்தெடுத்தபின், பயன்படுத்தாத சூழலை அதன் பின்னணிச் சேவைகளோடு சேர்த்து நீக்கிவிடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யில் சாளர மேலாளர் நுணுக்க அமைப்புக்குச் சென்று காம்போசிட்டரை (சாளரங்களுக்குக் காட்சி விளைவுகளைச் சேர்க்கும் பகுதியை) அணைத்தால், நிழலும் ஒளிபுகு தன்மையும் போய்விடும். வலுவற்ற வரைகலை அட்டையில் சாளரங்கள் தடையின்றி நகரும். காணொளி ஓடும்போது திரையில் கோடு விழுந்தால் மட்டும் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளுங்கள்.