பழைய பக்கத்தை அழிக்காதீர்கள், வழி சொல்ல வையுங்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணினான். ஸ்டாண்ட்பை சர்வர் (முதன்மை சர்வர் படுத்தால் கைகொடுக்கும் நகல்) கிளம்பவே மாட்டேன் என்கிறது, மூன்று மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன் என்றான். திரையைக் காட்டச் சொன்னேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 12-ஆம் பதிப்பைப் போட்டிருந்தான், பக்கத்திலேயே ரிகவரி.கான்ஃப் என்று ஒரு கோப்பு. 11 வரைக்கும் அது வேண்டும். 2019-ல் வந்த 12-ல் அந்தக் கோப்பையே ஒழித்துவிட்டு, அதிலிருந்த அமைப்புகளைப் பொதுவான கான்ஃபிக் கோப்புக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பழைய கோப்பு கண்ணில் பட்டாலே சர்வர் நின்றுவிடும். லாக்கில், அதாவது சர்வர் தானே எழுதும் பதிவில், அது தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் அவன் கையேட்டை நம்பினான், லாக்கைச் சந்தேகப்பட்டான். அந்தக் கையேடு எங்கள் குழு எழுதியது. எந்தப் பதிப்புக்கு என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இணையத்தில் கையேடு படிப்பவர் முகப்பு வழியாக வருவதில்லை. கூகுளில் தேடி நேராக நடுப்பக்கத்தில் இறங்குகிறார். அதனால் இது பழைய பதிப்பு என்ற எச்சரிக்கை முகப்பில் இருந்து பயனில்லை, பழைய பதிப்பின் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் இருக்க வேண்டும். கையால் ஒட்டாதீர்கள், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் வையுங்கள். "இது பழையது" என்று மட்டும் எழுதினால் போதாது. நாங்கள் இப்போது இப்படி எழுதுகிறோம்: "இது 3-ஆம் பதிப்புக்கான பக்கம். இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. இதே பக்கம் 5-ஆம் பதிப்பில் இங்கே." அந்த "இங்கே" அதே பக்கத்துக்குப் போக வேண்டும். முகப்புக்குத் தள்ளிவிட்டால், பாதி தூரம் வந்தவரைத் திரும்பப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்ட மாதிரி. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ மென்பொருளின் ஆவணங்களில், ஆதரவு முடிந்த பதிப்பு பாதுகாப்பற்றது என்று பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

புதிய பதிப்பில் அந்தப் பக்கமே இல்லையென்றால்? இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் குழு இதற்கென்றே ஒரு பின்னிணைப்பு வைத்திருக்கிறது: நீக்கியவை, பெயர் மாறியவை எல்லாம் அங்கே. ரிகவரி.கான்ஃப்புக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு, அது எங்கே போயிற்று, இப்போது என்ன செய்வது என்று சொல்கிறது. பழைய இணைப்பைப் பிடித்து வருபவர் "பக்கம் இல்லை" என்னும் வெறும் 404-ல் முட்டாமல் பதிலில் போய் நிற்கிறார். நீங்களும் எதையாவது நீக்கும் அன்றைக்கே இப்படி நான்கு வரி எழுதிவிடுங்கள், அடுத்த வாரம் நினைவிருக்காது.

தேடல் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய பக்கத்தில் கனோனிக்கல் இணைப்பை (எது மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) புதியதன் பக்கம் திருப்புங்கள், இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னால் மட்டும். பக்கம் தேடலில் வரவே கூடாது என்றால், அதைச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிப்பைப் பக்கத்துக்குள் வையுங்கள். அதோடு, தேடுபொறி எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடாதீர்கள்: தடுத்த பக்கத்தை கூகுள் திறந்தே பார்க்காது, உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸும் அதன் கண்ணில் படாது, வெறும் முகவரி தேடலில் தொங்கிக்கொண்டே இருக்கும். நாங்கள் இரண்டையும் போட்டுவிட்டு, பக்கம் தேடலிலிருந்து ஏன் போகவில்லை என்று மாதக்கணக்கில் தேடியிருக்கிறோம்.

தொல்லையே வேண்டாம், பழையதை அழித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பைதான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது, 2.7 ஆவணங்களை இன்றும் படிக்கலாம். பழைய சர்வரைக் கட்டிக் காப்பவருக்கு அதுதான் துணை.

கையேட்டின் பிடிஎஃப்பை மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போனதைத் திருப்பி வாங்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

புதிய பதிப்பு வெளியாகும் நாளில், சப்போர்ட்டுக்கு அதிகம் வரும் பத்துக் கேள்விகளை எடுத்து, இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாத பிரவுசர் ஜன்னல்) நீங்களே தேடிப் பாருங்கள். எந்தப் பதிப்பு முதலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழையது வந்தால் அந்தப் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். தம்பி படித்த பக்கத்தை நான் அன்றிரவே திருத்தினேன். இப்போது அதன் முதல் வரி: "போஸ்ட்கிரெஸ் 11 வரை மட்டும்."