புதுக் கருவியைப் படைவீரர் கையில் கொடுக்கும்போது செய்யக் கூடாதவை

புதுக் கருவி எடுபடவில்லை என்றதும் "வீரர்கள் பழசையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். முதல் தவறே அதுதான். கையில் இருப்பது கைவிட்டால் உயிர் போகும் என்பவர், நம்புவதற்கு முன் யோசிக்கத்தான் செய்வார்.

வியட்நாம் போரில் எம்16 துப்பாக்கிக்கு நடந்ததைப் பாருங்கள். 1960களின் நடுவில் அது அமெரிக்க வீரர்களிடம் போனது. எடை குறைவு, தோட்டாவும் சிறியது, காட்டில் நடப்பவர்களுக்குத் தோதானது. ஆனால் அடிக்கடி துடைக்கத் தேவையில்லை என்ற பேச்சும் கூடவே போனது. துடைக்கும் கம்பியும் தூரிகையும் போதுமான அளவு போகவில்லை. போதாததற்கு, தோட்டாவில் இருந்த வெடிமருந்தின் வகையையும் மாற்றியிருந்தார்கள். அதனால் கரி கூடியது, சுடும் வேகமும் அளவுக்கு மீறிக் கூடியது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததால், அந்த ஊர் ஈரத்தில் துரு ஏறியது. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சண்டைக்கு நடுவே, குழலின் முன்பக்கம் கம்பியை விட்டு அதைத் தட்டி எடுக்க வேண்டும். அந்தக் கம்பிதான் பலரிடம் இல்லையே! சிக்கிய துப்பாக்கியோடு செத்தவர்கள் உண்டு.

புகார்கள் வந்தபோது, ஒழுங்காகத் துடைக்காத வீரர்கள்மேல்தான் பழி விழுந்தது. இது முதல் தவறைவிடக் கொடியது. 1967இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, வெடிமருந்தை மாற்றிய முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. அப்புறம் பூச்சு வந்தது, துடைக்கும் பொருள்கள் வந்தன, பராமரிப்புக் கையேட்டைப் படக்கதை ஓவியர் வில் ஐஸ்னர் படக்கதையாகவே வரைந்து கொடுத்தார். இளம் வயதுப் பையன்கள் எதை விரும்பிப் படிப்பார்கள் என்று யோசித்துச் செய்த வேலை அது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். சரி செய்த அதே துப்பாக்கியைப் படை பல பத்தாண்டுகள் சுமந்தது.

பெரிய ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு, பிறகு களத்தில் சோதிப்பது இன்னொரு தவறு. மைக்ரோசாஃப்ட்டின் கணினிக் கண்ணாடிக்கு அமெரிக்கத் தரைப்படை 2021இல் போட்ட ஒப்பந்தம் சுமார் 2,190 கோடி டாலர் வரை போகக்கூடியது. 2022 களச் சோதனையில் வீரர்களுக்குத் தலைவலி, குமட்டல், கண் சோர்வு.

மேலிடம் கொடுத்தால்தான் புதுக் கருவி உள்ளே வரும் என்று நினைப்பதும் தவறு. உடற்பயிற்சிக் கைக்கடிகாரங்களை வீரர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்டார்கள். அப்படிப் பதிவாகும் ஓட்டப் பாதைகளைத் திரட்டும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ முகாம்களைச் சுற்றி அவர்கள் ஓடிய பாதைகள் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் வெளியாட்கள் கண்டுபிடித்தார்கள். களப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் தடை போட்டது அந்த ஆகஸ்டில்தான்.