நான்கு அணுக்களிலிருந்து இருமுகக் கோணம்: குறி பிசகாமல் கணக்கிடும் முறை

நான்கு அணுக்களின் ஆயத்தொலைவுகள் கையில் இருக்கின்றன. நடுப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்று சொல்வதுதான் இருமுகக் கோணம், அதாவது டைஹெட்ரல்.

படி 1: அணுக்களைப் பிணைப்பு வரிசையிலேயே அ, ஆ, இ, ஈ என்று எடுங்கள். சுழலும் அச்சு ஆ–இ. புரதத்தின் ஃபை கோணம் (நைட்ரஜன்–ஆல்ஃபா கார்பன் பிணைப்பைச் சுற்றிய முறுக்கு) என்றால், முந்தைய அமினோ அமிலத்தின் கார்பனைல் கார்பன், நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன். வரிசையை முழுவதும் திருப்பிப் போட்டாலும் விடை மாறாது, குறியும் மாறாது. நடு இரண்டை மட்டும் மாற்றினால் குறி புரண்டுவிடும்.

படி 2: அடுத்தடுத்த அணுக்களை இணைக்கும் திசையன்கள்: தி1 = ஆ − அ, தி2 = இ − ஆ, தி3 = ஈ − இ. எல்லை மடியும் பெட்டியில் (ஒரு பக்கம் வெளியேறும் அணு எதிர்ப்பக்கம் உள்ளே வரும்) ஓடிய சிமுலேஷன் என்றால், அருகிலுள்ள பிம்பத் திருத்தத்தை (ஒவ்வொரு அணுவின் மிக அருகிலுள்ள பிரதியை எடுப்பதை) இங்கேயே இந்த மூன்று திசையன்களுக்கும் செய்துவிடுங்கள்.

படி 3: குறுக்குப் பெருக்கல், இரு திசையன்களுக்கும் செங்குத்தான திசையன் கிடைக்கும். செ1 = தி1 × தி2, செ2 = தி2 × தி3.

படி 4: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செ1, செ2 இடையிலான கோணத்தை ஆர்க்காஸ் (கொசைனிலிருந்து கோணம் தரும் சார்பு) போட்டு எடுத்தால் +60, −60 இரண்டுக்கும் 60 என்றே வரும். பெப்டைடுப் பிணைப்பு (அமினோ அமிலங்களை இணைப்பது) போல 180-ஐ ஒட்டிய கோணங்களில் கொசைன் மதிப்பு −1-ஐ மயிரிழையில் தாண்டிப் பிழைச்செய்தியும் வரலாம். ஆர்க்காஸை விட்டுவிட்டு ஏடான்2 (atan2: சைன், கொசைன் இரண்டையும் வாங்கிக் குறியோடு கோணம் தரும் சார்பு) பயன்படுத்துங்கள்:

கொசைன் பங்கு = செ1 · செ2 (புள்ளிப் பெருக்கல்)
சைன் பங்கு = |தி2| × (தி1 · செ2)
கோணம் = ஏடான்2(சைன் பங்கு, கொசைன் பங்கு)

அந்த |தி2|-ஐ, அதாவது தி2-இன் நீளத்தை, மறந்துவிடாதீர்கள். அ (1, 0, 0), ஆ (0, 0, 0), இ (0, 0, 1.5), ஈ (0.5, 0.866, 1.5) என்று வைத்துப் பாருங்கள். செ1 = (0, 1.5, 0), செ2 = (−1.299, 0.75, 0). கொசைன் பங்கு 1.125, சைன் பங்கு 1.5 × 1.299 = 1.949. விடை 60 பாகை. நீளத்தை விட்டால் 1.299-ஐ 1.125 வகுத்து 49.1 பாகை வரும். இ-யை (0, 0, 1) என்றும் ஈ-யின் கடைசி எண்ணை 1 என்றும் வைத்துச் சோதித்தால் நடு நீளம் 1 ஆகிவிடும், தவறான நிரலும் சரியாக 60 காட்டும். அதனால் சோதனைக்கு நீளம் 1 எடுக்கவே எடுக்காதீர்கள். அதன்பின் ஈ-யின் 0.866-ஐ −0.866 ஆக்குங்கள், −60 வர வேண்டும்.

குறியைக் கண்ணாலும் பார்க்கலாம். ஆ-விலிருந்து இ-யை நோக்கும்போது, முன்னால் உள்ள அ-வைக் குறுகிய வழியில் வலஞ்சுழியாகத் திருப்பினால் ஈ மீது பொருந்தும் என்றால் அது நேர்க்குறி. புரதத்தின் சாதாரண ஆல்ஃபா சுருளில் ஃபை சுமார் −60. சுருள் முழுக்க +60 வந்தால் படி 1-ஐத் திரும்பப் பாருங்கள்.

படி 5: ரேடியன்தான் கிடைக்கும், 180/π-ஆல் பெருக்குங்கள். சராசரி எடுப்பதற்கு முன் நில்லுங்கள்: 179-க்கும் −179-க்கும் நேர் சராசரி 0, அதாவது டிரான்ஸ் அமைப்பு (180-ஐ ஒட்டியது) சிஸ் (0-ஐ ஒட்டியது) ஆகிவிடும். சைன்களையும் கொசைன்களையும் தனித்தனியே கூட்டி மறுபடி ஏடான்2 போடுங்கள்.

மூன்று அணுக்கள் ஒரே கோட்டில் வந்தால் (அசிட்டிலீன் போல) செ1 அல்லது செ2 பூஜ்ஜியமாகும், கோணத்துக்கே பொருளில்லை. பைத்தானின் ஏடான்2 அப்போதும் சத்தமில்லாமல் 0 என்று தந்துவிடும், ஆகவே செ1, செ2 நீளங்களை முன்கூட்டியே சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: எக்செலிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் ஏடான்2-இன் உள்ளீட்டு வரிசை தலைகீழ். முதலில் கொசைன் பங்கு, பிறகு சைன் பங்கு. பைத்தான் வரிசையிலேயே போட்டால் 60-க்குப் பதில் 30 வரும். நாலைந்து கோணங்களுக்கு மேல் இருந்தால் விரிதாளைவிட நம்பைதான் (NumPy, பைத்தானின் எண்கணித நூலகம்) நல்லது. ஒரு கோணத்தையாவது பைமாலில் (PyMOL, மூலக்கூறுகளைக் காட்டும் மென்பொருள்) நான்கு அணுக்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.