செத்த எலியைத் தொடாத பாம்பை வழிக்குக் கொண்டுவருவது

எங்கள் காட்பாடி வீட்டில் இருப்பது பால் பைத்தான் (Ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு). ஆப்பிரிக்க இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிந்தது. (சாரை, மண்ணுளி என்று நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.) உயிர் எலியிலேயே வளர்ந்தவன் இவன். ஒருநாள் எலி திருப்பிக் கடித்து முதுகில் காயம். அன்றோடு உயிர் எலிக்கு முழுக்கு; இனி ஃப்ரீசரில் உறையவைத்த செத்த எலிதான்.

1. எலி, பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் அளவு இருந்தால் போதும். பாம்பின் கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த வாரம் விட்டுவிடுங்கள்.

2. முதல் நாள் இரவே எலியை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். இதற்கென்று பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கிவிடுவது உத்தமம். அம்மா குல்ஃபி என்று நினைத்துப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் நான் வாங்கினேன். மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள், வயிறு வெடித்துவிடும்.

3. மறுநாள் இருட்டியதும் கவரோடு வெந்நீரில் போட்டு, எலியை 38 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

4. நான் சறுக்கியது இங்கேதான். எல்லாம் சரியாகச் செய்தும் மே மாதம் மூன்று வாரம் பட்டினி கிடந்தான். காரணம் எலி இல்லை, வேலூர். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்பவை. சுற்றியுள்ளதைவிட எலி சூடாக இருந்தால்தான் அவனுக்கு அது இரை. அக்னி நட்சத்திரத்தில் என் மாடி அறையே 37 டிகிரி! அறையோடு அறையாக எலி மறைந்துவிட்டது. இப்போது ஏசியை 28-இல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் எலியின் தலையை மட்டும் இன்னொரு தடவை வெந்நீரில் முக்கித் துடைத்துவிடுகிறேன். முதல் நாளே பாய்ந்து பிடித்தான்.

5. இடுக்கி ஓர் அடிக்குக் குறையக் கூடாது; நுனியில் ரப்பர் உள்ளதே நல்லது. அடுப்படிக் கிடுக்கி குட்டை. உங்கள் கையும் சூடுதான், கடி அங்கே விழும். இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்து லேசாக அசையுங்கள், நிறுத்துங்கள். முகத்தில் இடித்தால் பயந்து சுருண்டுகொள்ளும்.

6. எடுக்கவில்லையா? அது ஒளிந்துகொள்ளும் பெட்டி வாசலில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். சில மணி நேரத்தில் தொடாவிட்டால் குப்பைக்கு; மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்து. வளர்ந்த பாம்பு சில வாரம் பட்டினி கிடந்தால் பதறாதீர்கள். எடை இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். விழுங்கினால் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும்.

பின்சேர்க்கை: குடியாத்தம் தம்பி ஒருவன் எல்லாம் செய்தும் அவன் பாம்பு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். துருவிக் கேட்டதில், “நாத்தமடிக்குமேன்னு சோப்பு போட்டுக் கழுவினேண்ணா” என்றான். அடேய், அந்த நாத்தம்தானே அதற்குப் பசியே! எலிக்கடைக் கூண்டிலிருந்து ஒரு பிடி பழைய மரத்தூள் வாங்கி, அடுத்த எலிமேல் தேய்த்துக் கொடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டது.