ஏசி குளிரவில்லையா? காஸில் கை வைக்க முன்னர்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் வன்னியில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏசி திருத்துபவர்களின் போன் ஓயாது. அழைப்பவர்களில் பலர் வருத்தத்தோடு மருந்தையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "தம்பி, ஏசி குளிரேல்ல. காஸ் முடிஞ்சுபோச்சுப் போல, ஒருக்கா வந்து அடிச்சு விடுங்கோ." பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஏசியின் காஸ் அடுப்புக் காஸ் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே காஸ்தான் ஆவியாகியும் திரவமாகியும் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒழுக்கைத் தேடாமல் வருடாவருடம் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

காஸைப் பார்க்க முன்னர் காற்றைப் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை முடியும்போது வயற்கரை வீடுகளில் பதர்த் தூசு படியும். வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் கிளம்பினால் கிரவல் வீதியின் செம்மண் முழுவதும் வீட்டுக்குள்தான். உள் யூனிட்டின் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியாது. அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். காற்று போகாததால், உள்ளே காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான கொயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதில் ஐஸ் கட்டும், காஸின் அழுத்தம் இறங்கும். அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுப் பார்ப்பவர் "காஸ் குறைவு" என்று சொல்லிக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். அடுத்த கிழமை வீட்டுக்காரர் பில்டரைக் கழுவுவார். காற்று சரியானதும் காஸ் கூடிப்போய்விடும், காஸை அழுத்திச் சுற்றவைக்கும் கொம்பிரசர் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். உண்மையில் குறைபாடு பில்டரில் மட்டும்தான் இருந்தது. சோளகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதைக் கழுவினால் போதும்.

ஐஸ் பற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் உறவினர், "வெளி யூனிட்டில பனி கட்டுறது வழமைதான், மெஷின் தானே உருக்கிப்போடும்" என்பார். அவர் சொல்வது அங்கே சரி. அங்கிருக்கும் ஹீட் பம்ப் குளிர்காலத்தில் சுழற்சியைத் திருப்பி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. அப்போது வெளிக் கொயில் உறைவது இயல்பு. நமது ஏசியும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. ஆனால் வன்னியில் அது குளிரூட்ட மட்டுமே ஓடுகிறது. ஆகவே இங்கே ஐஸ் எங்கே கட்டினாலும் அது கோளாறுதான். காற்றுத் தடையா, காற்றாடிக் கோளாறா என்று பார்த்த பிறகே காஸைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, காஸையே பார்க்கத்தான் வேண்டும் என்றால்?

மெஷினை நிறுத்தி வைத்துக் கேஜைப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளே துளி திரவம் மிஞ்சியிருக்கும் வரை, நிற்கும் மெஷினின் அழுத்தம் வெப்பநிலையைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. ஓடும்போது பார்த்தாலும் எந்தக் காஸ் என்பது தெரிய வேண்டும். கொயில் 4, 5 பாகை செல்சியஸில் இருக்கும்போது பழைய ஆர்-22 ஏறத்தாழ 70 பிஎஸ்ஐ (கேஜில் அழுத்தத்தின் அலகு) காட்டும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் 120 அளவில் நிற்கும். இன்வெர்டர் மெஷினில் இந்தக் கணக்கும் உதவாது. அறை குளிரக் குளிரக் கொம்பிரசர் வேகத்தைக் குறைக்கும், அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்குச் சரியான வழி தராசுதான். இருக்கும் காஸை எடுத்து, வெற்றிடப் பம்ப் போட்டு, வெளி யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவை நிறுத்து ஏற்ற வேண்டும். குழாய் நீளம் கூடினால் மீற்றருக்கு எவ்வளவு சேர்ப்பது என்பது மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும். ஆர்-410ஏ இரண்டு காஸ்களின் கலவை என்பதால் அதைத் திரவமாகவே ஏற்ற வேண்டும். ஒரு காஸுக்கு மேல் இன்னொன்றைக் கலப்பது கூடவே கூடாது.

வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மெஷினை 20 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் வெப்பமானியைப் பிடியுங்கள். 8 முதல் 12 பாகை வரை வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் காஸில் குறையில்லை. மாரியில் ஈரப்பதன் கூடும்போது வித்தியாசம் குறையலாம், அதற்காகப் பதறத் தேவையில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது பல நேரங்களில் சுலபம். வெளி யூனிட்டில் செப்புக் குழாய் பூட்டும் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசு ஒட்டிக் கறுப்பு வளையம் கட்டியிருக்கும். சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி வரும். அழுத்தம் ஏற்றிச் சோதிக்க நைதரசன் மட்டும்தான். வெல்டிங் கடையில் கிடைக்கிறது என்று ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவருபவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். கொம்பிரசர் எண்ணெயும் ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆகவே காஸை எடுத்துவிட்ட பிறகே குழாயைப் பற்றவைக்க நெருப்பு வைக்க வேண்டும்.

வெளி யூனிட்டைக் கழுவும் தண்ணீரிலும் கவனம் தேவை. உவர்க் கிணற்று நீரில் கழுவினால் அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும். முல்லைத்தீவு, மன்னார் கரையோரத்தில் உப்புக் காற்று ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், கார் கழுவும் பம்பால் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கழுவ முன்னர் பிரேக்கரை இறக்குவதோடு, மூடியைத் திறக்கும்போது குளவிக் கூடு, பல்லி, எலி கடித்த வயர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

மின்மாற்றியில் இருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் மாலையானதும் வோல்ட்டேஜ் இறங்கும். கொம்பிரசர் கிளம்பாமல் உறுமிவிட்டு நின்றால் அதற்கும் காஸுக்கும் தொடர்பு குறைவு. இன்வெர்டர் இல்லாத மெஷினில், கொம்பிரசரைக் கிளப்ப உதவும் கப்பாசிற்றர் பலவீனப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது மலிவான சாமான்.

ஐப்பசி மழைக்கு முன்னர் மெஷினை இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும். தண்ணீர் வடியும் குழாயில் பாசி அடைத்தால் சுவர்தான் நனையும். தரையில் இருக்கும் வெளி யூனிட்டைக் கல் வைத்து உயர்த்த வேண்டும், இடி மின்னல் நேரத்தில் பிரேக்கரை இறக்கிவிட வேண்டும்.

அப்புறம், காஸ் அடித்தே தீர வேண்டும் என்றால் ஒழுக்கு எங்கே இருந்தது, என்ன காஸ், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராசு கொண்டுவராதவரால் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது.