படுத்துவிட்ட கழுதைக்குக் கஞ்சி ஊற்றப் போகிறீர்களா?

வியாசர்பாடிப் பக்கம் கழுதைப் பால் விற்கும் அண்ணன் ஒருவரின் பெட்டைக் கழுதை மூன்று நாளாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. "தின்னுதுபா, வாய் அசையுது பாரு" என்று அவர் சாதித்தார். வாய் அசைந்தது உண்மைதான், ஆனால் காலையில் போட்ட புல் சாயங்காலமும் அப்படியே கிடந்தது. முடியாத கழுதை தீனியில் மூக்கை வைத்துக்கொண்டு மெல்லுவது போலவே நிற்கும், உள்ளே ஒன்றும் போகாது. வாயைப் பார்க்காதீர்கள், கூடையைப் பாருங்கள்.

"ரெண்டு நாள் பட்டினி கிடந்தா என்ன, தானா தேறிடும் நைனா" என்று விடுவதுதான் பெரிய தவறு. நல்ல உடம்போடு இருக்கும் குதிரை இரண்டு மூன்று நாள் தாங்கும். கழுதையும் மட்டக்குதிரையும் தாங்காது, அதிலும் கொழுத்தது, சினையானது, பால் கொடுப்பது ரொம்ப மோசம். தீனி நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டும், கல்லீரல் திணறிப்போகும். இரத்தம் எடுத்துக் குழாயில் நிற்க வைத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்த நிலைக்கு வந்த பல கழுதைகள் பிழைப்பதில்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு" என்று நல்லெண்ணெய் புகட்டுகிறார்கள். பழமொழி மனுஷனுக்கு! இரத்தமே கொழுப்பாக இருக்கும்போது மேலும் எண்ணெய் எதற்கு?

அப்புறம் புகட்டும் விதம். தலையைத் தூக்கிப் பிடித்து பீர் பாட்டிலில் கஞ்சி ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். மூக்கு வழியாகக் குழாய் விடுவது டாக்டர் வேலை. கழுதையின் மூக்குப் பாதை குதிரையுடையதை விடக் குறுகல், அதனால் மெல்லிய குழாய்தான் வேண்டும். குதிரையும் கழுதையும் வாந்தி எடுக்காது, ஏற்கெனவே வயிற்றில் தேங்கியிருப்பதன் மேல் இன்னும் ஊற்றினால் இரைப்பை கிழிந்தே போகலாம், ஆகவே ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன நிற்கிறது என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். 500 கிலோ குதிரைக்கே ஒரு வேளைக்கு 6 முதல் 8 லிட்டர்தான் உச்சம், நம்ம ஊர் 120 கிலோ கழுதைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

வாரக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த குதிரை வேறு கதை. பாவம் பார்த்து ஒரு வாளி கொள்ளும் வெல்லமும் வைத்துவிடுகிறோம். குதிரையும் ஆவலாகத் தின்னும், நமக்கும் மனசு குளிரும், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ பொத்தென்று விழும். திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் எகிறி, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும், இதயமும் மூச்சுத் தசையும் கைவிட்டுவிடும். குளம்புக்குள் வீங்கி நொண்டவைக்கும் நோய் வருவது தனி. முதல் மூன்று நாள் உலர்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்)தான் நல்லது: பெரிய குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோ, சிறியதற்கு அதற்கேற்பக் குறைவாக. பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தானியம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க சார்" என்று டாக்டரை நச்சரிப்பதும் வேண்டாம். ஏற்ற வேண்டிய நேரம் உண்டு, கழுதைக்கு அது உயிரையே காப்பாற்றும், ஆனால் சர்க்கரையை அடிக்கடி அளந்துகொண்டே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை சிறுநீரில் இறங்கி உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஊசி போட்ட கழுத்து இரத்தக்குழாய் தடித்துச் சூடாக இருந்தால் உடனே சொல்லுங்கள், அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம்.

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போது குட்டியையும் சேர்த்தே ஏற்றுங்கள். குட்டியையோ ஜோடியையோ பிரித்தால், கொஞ்சநஞ்சம் தின்கிற கழுதைகூட அதோடு நிறுத்திவிடும்.