பழைய காசு கெடைச்சா மொதல்ல படிங்க, அப்புறம் கழுவலாம்

அட்டாலியில கெடந்த ஒரு சொம்பை எறக்கினப்ப அடியில துணி முடிச்சுல ஏழு செம்புக் காசு இருந்துச்சுங்க, எங்க அப்பாரு சேத்து வெச்சது. அப்ப எனக்கு இந்த ஆசை புதுசு, கை சும்மா இருக்குமா, புளியக் கரைச்சு ஊறப்போட்டு, பூசைச் சாமான் வெளக்கற பவுடரைப் போட்டு தேங்கா நாருல தேச்சேன் பாருங்க, அஞ்சே நிமிசத்துல அத்தனையும் புதுக் குத்துவெளக்காட்ட பளபளன்னு ஆயிருச்சு. பெருமையா எடுத்துக்கிட்டு கரூர்ல காசு சேக்கற ஒரு பெரியவரு கிட்டப் போனேன். அவரு லென்ஸைக் கூட எடுக்கல. "தோலை உரிச்சுப்போட்டு ஆளு யாருன்னு கேட்டா எப்படிங்க தம்பி"ன்னாரு.

அவரு சொன்னது நெசந்தான். தேஞ்சு போன காசுல எழுத்து மேடா நிக்கறதில்லைங்க, அந்த மேடு எப்பவோ போயிருச்சு. மேல இருக்கற கருப்போ பச்சையோ பழுப்போ அந்தப் படிவு இருக்குதே, அது பள்ளத்துல அடர்த்தியா, மேட்டுல லேசா நிக்கும், அந்த நெற வித்தியாசத்துலதான் நம்ம கண்ணு எழுத்தைப் படிக்குது. அதைச் சுரண்டிட்டா காசு வெறும் செம்பு வட்டம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே ஆசிட்டு, அது அழுக்கை மட்டும் பாத்து எடுக்காது, மேல் தோலையும் சேத்துக் கரைச்சுரும். அதனால கண்டுபுடிக்கற வேலை மொதல்ல, கழுவற வேலை அப்புறம், பாதிக் காசுக்கு கண்டுபுடிச்சதோட வேலையே முடிஞ்சுரும், கழுவவே வேண்டியதில்ல.

சாமான் அதிகம் வேணாம். பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் ஒண்ணு, 0.01 கிராம் வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு ஸ்கேல், செல்போன் டார்ச். ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, காசை மேசையில வெச்சு, டார்ச்சை மேல இருந்து அடிக்காம மேசையோட மேசையா படுக்கப் போட்டு பக்கவாட்டுல அடிங்க, அப்புறம் காசை கடியாரமுள்ளாட்ட கொஞ்சங் கொஞ்சமா திருப்புங்க. ஒரு திருப்புல ஒண்ணுமே தெரியாது, அடுத்த திருப்புல பொசுக்குனு ஒரு காலு தெரியும், ஒரு கை தெரியும். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க, எட்டு போட்டோவை வரிசையாப் பாத்தா தலையும் வாலும் புரிஞ்சிரும். பகல் வெயில்ல உள்ளங்கையில வெச்சுப் பாக்கறவங்க பத்து வருசம் பாத்தாலும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

நம்ம கொங்குப் பக்கம் ஊட்டுக்கு ஊடு கெடைக்கறது ராஜராஜன் காசு. ஒரு பக்கம் நிக்கற உருவம், கோடு கோடா குச்சி மனுசன் கணக்கா இருக்கும், மூஞ்சி குருவி மூக்காட்ட நீட்டிக்கிட்டு, பக்கத்துல உருண்டை உருண்டையா புள்ளி, மேல பிறை. இன்னொரு பக்கம் உக்காந்திருக்கற உருவம், அதோட கைக்குக் கீழ இந்தி எழுத்தாட்ட இருக்கற நாகரி எழுத்துல மூணு வரியா 'ஸ்ரீ ராஜ ராஜ'ன்னு இருக்கும். தமிழ் ராசா காசுல தமிழ் எழுத்து இல்லையான்னு நானும் கேட்டேன், அது நாகரிதாங்க. இதுல ஒரு பொறி இருக்குது, இதே உருவத்தை வெச்சு பிற்பாடு பராக்கிரமபாகு மாதிரி இலங்கை ராசாக்களும் அடிச்சிருக்காங்க, உருவத்தை மட்டும் பாத்து சோழன்னு முடிவு பண்ணக்கூடாது, எழுத்தைப் பாக்கணும். தேஞ்ச காசுல முழுசாத் தெரியாட்டியும் ஒரே எழுத்து ஒண்ணுக்கு கீழ ஒண்ணு ரெண்டு தடவை வருதான்னு பாருங்க, ராஜ ராஜன்னா வந்துதானே ஆகணும். நான் வெளக்கிக் கெடுத்த ஏழுல ஆறு இந்த வகைதான்னு போட்டோல்ல இருந்த நிழலை வெச்சுத்தான் கண்டுபுடிச்சோம். ஏழாவது இன்னைக்கும் வெறும் வட்டம்.

யானை தெரிஞ்சா ஒடனே குதிக்காதீங்க, யானை எல்லாரும் போட்டிருக்காங்க. காசு சதுரமா, முனை மழுங்கி, ஒரு பக்கம் யானை மறுபக்கம் வில்லும் அம்பும்னா சங்ககாலச் சேரன். யானையும் கோட்டுருவத்துல மீனும்னா பாண்டியன், வாலைத் தூக்கின புலின்னா சோழன். வட்டமா கெட்டியா இருந்து யானைக்குப் பின்பக்கம் பாரசீக எழுத்துன்னா அது திப்பு காசு, நம்ம சீமை 1790கள் வரைக்கும் மைசூர்க்காரங்க கையில இருந்துச்சுல்ல, அதனால அது இங்க நெறையவே கெடைக்கும். யானைக்கு மேல சூரியன் சந்திரன், கன்னடத்துல 'ஸ்ரீ'ன்னா அதுக்கப்புறம் வந்த மூணாம் கிருஷ்ணராஜ உடையார். பின்னாடி 'ராய கஜ கண்ட பேருண்ட'ன்னு ஓடினா விஜயநகரத்து தேவராயன். முன்பக்கத்து மிருகத்தை வெச்சு இல்லாம பின்பக்கத்தை வெச்சு முடிவெடுங்கன்னு சொல்ல வர்றேன், அவ்வளவுதான்.

கரூர் அமராவதி ஆத்து மணல்ல வந்ததுன்னா கதை வேற. அங்க மாக்கோதைங்கற பேரு தமிழ்ப் பிராமியில பொறிச்ச சேரன் வெள்ளிக்காசும் வந்திருக்குது, சுண்டுவிரல் நகம் அளவுல ரோமன் செம்புக் காசும் வந்திருக்குது. இந்தக் குட்டி ரோமன் காசு பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டு, ரொம்பத் தேஞ்சுதான் இருக்கும், ஆனா பின்பக்கத்துல ரெண்டு மூணு ஆளு வரிசையா நிக்கறாப்ல, இல்லாட்டி ஒரு சிலுவை, இல்லாட்டி ஒரு மாலை வட்டம் தெரிஞ்சாலே வகை சொல்லிரலாம். ரோமன் வெள்ளிக்காசு அதுக்கும் முந்தினது, கோயமுத்தூர் வெள்ளலூர்ல 1842ல 500க்கு மேல ஒரே எடத்துல கெடைச்சுது, முக்காவாசி அகஸ்டஸ், டைபீரியஸ்ங்கற ரெண்டு ரோம ராசாக்க காசுதான். அத்தனை வெள்ளி இங்க வரக் காரணம் பாலக்காட்டுக் கணவாய் வழியா நடந்த ஏவாரம், காங்கயத்துப் பக்கம் படியூர்ல பச்சைக்கல்லு வெட்டினாங்க, கொடுமணல்ல கல்லை மணியா பட்டை தீட்டினாங்க. அந்த ரோமன் வெள்ளிக்காசு முழுசா இருந்தா 3.5ல இருந்து 4 கிராம் நிக்கும். தேஞ்சா எடை கொறையும், ஏறாது, 6 கிராம்னு காட்டினா சந்தேகம்தான், ஓரமா வெச்சிருங்க.

தங்கப் பணம்னு சொல்றாங்களே, வீரராயன் பணம், அது 0.4 கிராம் கூட இருக்காது, மூணு குண்டுமணி எடை. இத்துனூண்டு இருக்குதேன்னு பட்டனாட்ட வீசிராதீங்க.

அனுமார், ராமர் பட்டாபிசேகம், ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1616, 1717, 1818னு வருசம் போட்டு யாராச்சும் கொண்டு வந்தா டீ குடிக்க வெச்சு அனுப்பிருங்க. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. அந்தக் காசு அரிசியை இழுக்குது, இரிடியம், கோடி ரூவான்னு பேச்சு போனா டீயும் வேணாம். நெசமான கம்பெனிக் காசு 1803, 1808னு வருசம் போட்ட 20 காசு, 10 காசு, அது சந்தையில கெடைக்கற சாதாரணச் சாமான், எங்க அப்பத்தா சுருக்குப்பையில இருந்த ஓட்டைக் காலணா (1943ல இருந்து 1947 வரைக்கும் வந்தது) கணக்கா.

இன்னொண்ணு, காட்டுல ஏரு ஓட்டறப்பவோ அஸ்திவாரம் தோண்டறப்பவோ மண்ணுக்குள்ள இருந்து பொதையலா வந்துச்சுன்னா அது ஒடனே உங்க காசுன்னு ஆயிராதுங்க. 1878ஆம் வருசத்துப் பொதையல் சட்டப்படி 10 ரூவா மதிப்புக்கு மேல இருந்தாலே கலெக்டருக்குச் சொல்லணும். நூறு வருசம் தாண்டின காசை வெளிநாட்டுக்கு அனுப்பறதும் 1972 சட்டப்படி கூடாது.

சரி, கண்டுபுடிச்சாச்சு, எடை, அளவு, போட்டோ எல்லாம் ஆச்சு, மண்ணு ஒட்டிக்கிட்டு எழுத்தை மறைக்குதுன்னா மட்டும் கழுவலாம். நம்ம போர் தண்ணி வேணவே வேணாம், வெள்ளகோயில் மூலனூர்ப் பக்கமெல்லாம் குடிச்சா கரிக்கற உப்பு, செம்புக்கு உப்புதான் எமன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கங்க, பேட்டரி ஆசிட்டைத் தூக்கிட்டு வந்துறாதீங்க, லேபிளைப் படிச்சு வாங்குங்க. கண்ணாடி டம்ளர்ல காசுக்கு மேல ரெண்டு விரல் தண்ணி, ஒரு டம்ளருக்கு ஒரு காசு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க. முதல் வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், கை அரிக்கும், விட்டுருங்க. நான் ஒரு விஜயநகரக் காசை ஐப்பசி மாசம் ஊறப்போட்டு பொங்க நோம்பிக்குத்தான் எடுத்தேன்.

மண்ணு எளகினதும் கருவேல முள்ளு ஒண்ணு ஒடைச்சு அதைக் கொண்டு லென்ஸ்ல பாத்துக்கிட்டே ஓரத்துல இருந்து உள்ளாற நெம்பணும். கம்பி, ஊசி, பிளேடு எதுவும் ஆகாது, முள்ளுன்னா காசுக்கு முன்னாடி முள்ளு மழுங்கும், அதுக்குத்தான். ஈரமா இருக்கறப்பதான் நெம்பணும், காஞ்சா மண்ணோட தோலும் பேந்து வரும். கொழந்தைங்க பிரஷ்ஷால லேசா ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். அப்புறம் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி இருக்குமே, அதுல ஒத்தி எடுத்து நெழல்ல ரெண்டு நாள் காயட்டும், அடுப்பு மேல வெக்காதீங்க. எண்ணெய் ஊறப்போடற பழக்கம் சில பேருக்கு உண்டு, எண்ணெயிலயும் கொஞ்சம் ஆசிட் இருக்கும், நாளாக நாளாக நெறம் மாறும், நான் பண்றதில்ல. பிசுக்கு, கோந்து, பழைய பிளாஸ்டிக் கவரோட பசைன்னா சுத்தமான அசிட்டோன்ல பத்து நிமிசம் போடலாம், ஜன்னலைத் தொறந்து வெச்சு, பக்கத்துல அடுப்போ ஊதுவத்தியோ இல்லாம. நகப்பாலிஷ் ரிமூவர்ல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது.

வெள்ளிக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டா கருப்பு போயிரும்தான், ஆனா மொத்தக் கருப்பும் போய் காசு வெளுத்து சவமாட்ட கெடக்கும். தங்கத்தை சும்மா விடுங்க.

பச்சையப் பாத்து எல்லாரும் பயப்படறாங்க, எல்லாப் பச்சையும் நோவு இல்ல. கரும்பச்சையா, வழவழன்னு, முள்ளால குத்தினா கல்லாட்ட நின்னா அது நல்ல களிம்பு, காசோட சட்டை அது. வெளிர்ப்பச்சையா கோலமாவு தூவினாப்ல புள்ளி புள்ளியா இருந்து, தொட்டா ஒட்டிக்கிட்டு வந்து, தொடைச்ச எடத்துல பத்து நாள்ல மறுபடி பூத்துச்சுன்னா அதுதான் வெண்கல நோவு (bronze disease). உள்ளாற இருக்கற குளோரைடு உப்பு காத்து ஈரத்தைக் குடிச்சு ஆசிட்டா மாறி செம்பைத் திங்குது, தின்னதுல மறுபடி உப்பு, மறுபடி ஆசிட், காசு பொடியாகற வரைக்கும் நிக்காது. அந்தக் காசை மொதல்ல தனி டப்பாவுக்கு மாத்துங்க. முள்ளால மாவை நெம்பி எடுத்துட்டு, ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல சமையல் சோடா ஒரு ஸ்பூன், சலவைச் சோடா ஒரு ஸ்பூன் கலந்து அதுல ஊறப்போட்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்துங்க, கையில கிளவுஸ் போட்டுக்கங்க. மாசக்கணக்குல ஆகும், நெறமும் கொஞ்சம் மாறும், அதைச் சொல்லிட்டேன், அப்புறம் என்னையத் திட்டக்கூடாது. கடைசியில வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல நாலஞ்சு தடவை அலசி நல்லாக் காய வெச்சு, ஒரு மாசம் தனியா வெச்சுப் பாத்துட்டுத்தான் மத்த காசோட சேக்கணும்.

வெக்கறது எப்படின்னா, மெத்துன்னு இருக்கற பிவிசி கவர் ஆல்பம் வேணாம், அதுல இருந்து பசை கசிஞ்சு காசுல பச்சையா ஒட்டும். ஆசிட் இல்லாத பேப்பர் கவரு, இல்லாட்டி மொடமொடன்னு இருக்கற மைலார் கவரு. காசைப் போடறதுக்கு முன்னாடியே கவர் மேல பென்சில்ல எடை, அளவு, எங்க யாருகிட்ட இருந்து வந்துச்சு, என்ன தெரிஞ்சுதுன்னு எழுதிருங்க. டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டணம் ரெண்டு போடுங்க. நம்ம ஊரு வெயில்ல எட்டு மாசத்துக்குக் கவலை இல்ல, ஐப்பசி அடைமழை புடிச்சா வாரம் ஒருக்கா தொறந்து ஜெல்லு நெறம் மாறிருச்சான்னு பாத்து மாத்துங்க. என் டப்பாவுல அந்த ஏழாவது காசுக்கும் ஒரு கவர் இருக்குது, 'அப்பாரு சொம்பு, 3.8 கிராம், புளி'ன்னு எழுதி.